புளியமரத்தடியில் ரெனுவார்

தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் ஏப்ரல் மாத நண்பகல். புளியமரத்தடியில் நிற்பவரின் தோளிலும் தலைத்துண்டிலும் வெளிச்சப் பொட்டுகள் விழுந்துகிடக்கும். இலைகளுக்கு நடுவேயுள்ள சந்துகள் கோணல்மாணலானவை. முக்கோணம், கீறல், கிழிசல் என்று எந்த வடிவிலும் அவை இருக்கலாம். ஆனால் கீழே விழும் பொட்டுகள் மட்டும் வட்டமாக இருக்கின்றன. ஒவ்வொரு பொட்டும் சூரியனின் பிம்பம் என்பதுதான் காரணம். சிறு துளை வழியே நுழையும் ஒளி, எதிர்ப்பக்கத்தில் தான் புறப்பட்ட மூலத்தின் உருவத்தையே பதிக்கிறது. ஊசித்துளைக் கேமரா இயங்குவதும் இப்படித்தான். சூரியன் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலம் தெரிவதால், துளைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் பொட்டின் குறுக்களவு. 5 மீட்டர் உயரத்துக் கிளையிலிருந்து விழுவது 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 10 மீட்டர் என்றால் ஓர் உள்ளங்கை அகலம். 2019 டிசம்பர் 26 அன்று கங்கணச் சூரிய கிரகணம் வந்தபோது தமிழ்நாட்டு மரத்தடிகளில் இந்த வட்டங்கள் எல்லாம் பிறைகளாக மாறியதைப் பலரும் பார்த்தார்கள்.

இதே பொட்டுகளை 1876இல் பாரிசின் மோன்மார்த்ர் குன்றில் ஒருவர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். பியர் ஒகுஸ்த் ரெனுவாரின் 'மூலான் த லா கலெத் நடனம்' 131 செ.மீ. உயரமும் 175 செ.மீ. அகலமும் கொண்ட படம். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் திறந்தவெளித் தோட்டம் ஒன்றில் உழைக்கும் மக்கள் கூடி ஆடுகிறார்கள், பேசுகிறார்கள், குடிக்கிறார்கள். மேலே மரங்கள். வைக்கோல் தொப்பியில், கோட்டு போட்ட முதுகில், தரையில் எல்லாம் வெளிச்சம் சிதறிக்கிடக்கிறது. நிழல் விழுந்த இடங்களில் கறுப்பும் பழுப்பும் இல்லை. நீலமும் ஊதாவும் இருக்கின்றன. 1877இல் இம்ப்ரஷனிஸ்டுகள் எனப்பட்ட மனப்பதிவுவாத ஓவியர்களின் மூன்றாம் கண்காட்சியில் வைக்கப்பட்ட இந்தப் படம் இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அன்றைய பார்வையாளர்கள் பலருக்கு இது பிடிபடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான், வெயிலும் நிழலும் விழும் ஒரு பெண்ணுடலின் ஓவியத்தை ரெனுவார் காட்சிக்கு வைத்திருந்தார். 'லெ ஃபிகாரோ' நாளிதழின் விமர்சகர் ஆல்பர் வோல்ஃப் அந்தப் பச்சை, ஊதாத் திட்டுகளைப் பார்த்துவிட்டு, அழுகத் தொடங்கிய சதை என்று எழுதினார். மரத்தடியில் நிற்கும் மனிதரின் தோலில் பச்சையும் ஊதாவும் உண்மையிலேயே விழுகின்றன. கண் அதைப் பார்க்கிறது. தோலின் நிறம் இன்னது என்று ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருக்கும் மூளை அதைத் திருத்திவிடுகிறது. வோல்ஃபுக்கு நேர்ந்தது இதுதான். ஓவியம் கற்க வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளில் நேர்வதும் இதுவே.

எண்ணெய் ஓவியம் கற்பவர் ஓர் இம்ப்ரஷனிச மனிதக் காட்சியை எடுத்துவைத்துப் பார்த்து வரைவது ஏன் நல்ல பயிற்சி என்பதற்கு விடை இங்கேதான் தொடங்குகிறது. மூளை திருத்துவதற்கு முன் கண் கண்டதை ரெனுவார் கேன்வாஸில் நிறுத்தி வைத்திருக்கிறார். அதை ஒவ்வொரு திட்டாகத் தொடர்ந்து போகும் மாணவருக்கு ஒளியியல், வேதியியல், பார்வையின் உளவியல் என மூன்று பாடங்கள் ஒரே கேன்வாஸில் கிடைக்கின்றன. ஆனால் படியெடுப்பதை ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பாரிசில் கிடைத்த விடைகளை அப்படியே கொண்டுவந்து சித்தேரியில் ஒட்ட முடியாது. கொண்டுவரக் கூடியவை கேள்விகள் மட்டுமே.

பார்த்து வரைவதைக் கீழானதாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. 'காப்பி அடித்தது' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். ரெனுவாரே படியெடுத்து வளர்ந்தவர். பீங்கான் பாத்திரங்களுக்குப் பூவேலை தீட்டும் பட்டறையில் சிறுவனாகச் சேர்ந்த அவர், 1860இல் லூவர் அருங்காட்சியகத்தில் படியெடுக்கும் அனுமதி பெற்றார். இன்னொன்று அதைவிட முக்கியம்: 1875 வாக்கில், கைதேர்ந்த ஓவியரான பிறகும், தெலக்ருவாவின் 'மொராக்கோவில் யூதத் திருமணம்' என்ற பெரிய கூட்டக் காட்சியை அவர் பார்த்து வரைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு வந்ததுதான் மோன்மார்த்ர் நடனம். கூட்டத்தை எப்படி அடுக்குவது, வெளிச்சத்தை எங்கே நிறுத்துவது என்ற கேள்விகளோடு அவர் தெலக்ருவாவிடம் போயிருப்பார் என்று ஊகிப்பதில் தவறில்லை. மானேயும் தெகாவும் முதலில் சந்தித்துக்கொண்டதும் லூவரில், வெலாஸ்கெஸின் படம் ஒன்றின் முன்னால்தான். வான் கோ 1889-90இல் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது மில்லேயின் உழவர் காட்சிகளை வைத்து இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். அவர் கையில் இருந்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை அச்சுப்படங்கள். வண்ணம் முழுக்க அவருடையது.

நம் பக்கத்தில் இந்தக் கல்வி எளிதாகக் கிடைக்கவில்லை. 1848இல் கிளிமானூரில் பிறந்த ரவி வர்மா திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது, அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்திருந்தவர் மதுரை ராமசாமி நாயக்கர். அவர் அந்த இளைஞருக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை ஆசிரியருக்குத் தெரியாமல் இரவில் வந்து சொல்லிக்கொடுத்ததாக ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஓவியர் அரச குடும்பத்தைத் தீட்ட வந்தார். அவரும் கற்பிக்கவில்லை, வேலை செய்வதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்துப் பார்த்தே கற்ற ரவி வர்மா 1873இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கத்தை வென்றார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று பாரிசில் இம்ப்ரஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி திறந்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தேசிய ஓவியக் கூடத்தில் ரவி வர்மாவின் படங்களைப் பார்ப்பவர்கள் நிழல்களைக் கவனிக்கலாம்: அவை ஐரோப்பியக் கல்விக்கூட மரபின் வெதுவெதுப்பான பழுப்பு. ஒரே பத்தாண்டில் ஒரே எண்ணெயைக் கொண்டு இரு இடங்களில் இரு வேறு நிழல்கள் பிறந்திருக்கின்றன.

படியெடுப்பது சொந்தக் கற்பனையைக் கெடுக்குமா? டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தாக்கெஷி ஒகாடா, கென்தாரோ இஷிபாஷியுடன் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஓவியப் பயிற்சி இல்லாத மாணவர்கள், தங்களுக்குப் பழக்கமில்லாத பாணியிலான ஓவியத்தைப் பார்த்து வரைந்த பிறகு, சொந்தமாக வரைந்தவற்றில் புதுமை கூடியிருந்தது. பழகிய யதார்த்தப் பாணியைப் படியெடுத்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. அந்நியமான பாணி, வரைபவரின் மனத்தில் இறுகிப்போன முன்முடிவுகளைத் தளர்த்துகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். தமிழ்நாட்டு மாணவருக்கு ரெனுவார் அந்நியமானவர் என்பது, இந்தக் கணக்கில், ஒரு நன்மை.

எந்தப் படத்திலிருந்து தொடங்குவது? மோன்மார்த்ர் நடனத்தில் முகங்களும் கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து இருக்கின்றன. முதல் படத்துக்கு அது அதிகம். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள 'சிறு படகு' 1875ஆம் ஆண்டுப் படம், 71 செ.மீ.க்கு 92 செ.மீ. ஆற்றில் ஒரு படகு, அதில் இரண்டு பெண்கள். படகு ஆரஞ்சு, தண்ணீர் நீலம். அந்த நீலம் கோபால்ட் நீலம், ஆரஞ்சு குரோம் ஆரஞ்சு என்று அருங்காட்சியகத்தின் ஆய்வு காட்டியிருக்கிறது. கறுப்பும் மண்நிறங்களும் இதில் இல்லை. நீலத்துக்கு எதிர்நிறம் ஆரஞ்சு. இரண்டும் அருகருகே இருக்கையில் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டுகின்றன.

இந்த விளைவைக் கணக்காக எழுதிவைத்தவர் ஓவியர் அல்லர், வேதியியலாளர். பாரிசின் கோபலேன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த மிஷெல் ஷெவ்ரேலிடம், கறுப்புச் சாயம் போதிய அடர்த்தியாக இல்லை என்ற புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், அதில் குறையில்லை. அந்தக் கறுப்பு நூலுக்கு அருகே நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் கண்ணில் அதன் நிறத்தை மாற்றியிருந்தன. பக்கத்து நிறம் ஒரு நிறத்தைத் தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளுகிறது என்ற விதியை அவர் 1839இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். படியெடுக்கும் மாணவருக்கு இதன் பொருள் உடனே புரியும். அசலில் உள்ள நீலத்தைத் தட்டில் சரியாகக் கலந்து, வெள்ளைக் கேன்வாஸில் வைத்தால் அது தவறாகத் தெரியும். பக்கத்தில் ஆரஞ்சு வந்து சேர்ந்த பிறகு அதே நீலம் சரியாகிவிடும். அவசரப்பட்டுத் திருத்தியவர் பிறகு மறுபடி திருத்த வேண்டியிருக்கும். அதனால் ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், படம் முழுவதையும் மெல்லிய பூச்சில் நிரப்பிவிட்டு அதன்பின் செப்பனிடுவதே வழி.

நிழல் நீலமாக இருப்பதற்குக் காரணம் வானம். வெயில் நேராகப் படாத இடத்துக்கு வெளிச்சம் தருவது வானம்தான், அது நீலம். வானத்தில் குறுகிய அலைநீள ஒளி கூடுதலாகச் சிதறுகிறது என்று ராலே பிரபு 1871இல் காட்டினார். அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்பதால், நீலம் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1921இல் கப்பலில் திரும்பி வரும்போது கடல்நீலத்தை ஆராய்ந்ததும் இந்தக் கேள்வியின் நீட்சிதான். ஆக, ரெனுவாரின் ஊதா நிழலில் இருப்பது பாரிசின் வானம், இலை வழியே வடிகட்டிய பச்சை, வெளிர்நிறத் தரையிலிருந்து எழும்பும் ஒளி ஆகிய மூன்றின் கலவை.

கலவை மட்டுமல்ல, அளவும் பிரச்சினை. திறந்தவெளியில் வெயில் படும் வெள்ளைத் துணிக்கும் மரநிழலின் ஆழத்திலுள்ள கறுத்த துணிக்கும் இடையே பிரகாச வேறுபாடு ஆயிரம் மடங்கைத் தாண்டும். வண்ணத்துக்கு அந்த வீச்சு இல்லை. வெள்ளை வண்ணம் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் திருப்புகிறது. கறுப்பு மூன்று, நான்கு விழுக்காட்டை. முழு வீச்சே இருபத்தைந்து முப்பது மடங்குதான். பழைய மரபு நிழலைப் பழுப்பில் ஆழ்த்தி வெளிச்சத்தைக் காப்பாற்றியது. ரெனுவார் நிழலை மேலே தூக்கி, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டை வெம்மை, குளுமை என்ற நிற வேறுபாடாக மாற்றிக்கொண்டார். அவர் படங்கள் முழுக்க ஒளி நிரம்பித் தெரிவதற்கு இந்த முடிவே காரணம். கண்ணால் பார்த்து இதைப் புரிந்துகொள்வது கடினம், ஆனால் கையில் ஒரு கைபேசி இருந்தால் போதும். அசலின் படத்தையும் தன் கேன்வாஸையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவர் திடுக்கிடுவார். அசலின் நிழல்கள் வெளிர்சாம்பலாக இருக்கும். தன்னுடையவை இருண்டு கிடக்கும். ஹார்வர்ட் நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் காட்டியதும் இதோடு சேர்ந்தது. மோனேயின் 'மனப்பதிவு, சூரியோதயம்' படத்தில் ஆரஞ்சுச் சூரியனும் அதைச் சூழ்ந்த சாம்பல்நீல மேகமும் ஏறத்தாழ ஒரே பிரகாசம் உடையவை. கறுப்பு வெள்ளையில் சூரியன் காணாமல் போகிறது. இடம், அசைவு, ஆழம் ஆகியவற்றைக் கணிக்கும் மூளைப்பகுதி நிற வேறுபாட்டை அதிகம் பொருட்படுத்துவதில்லை, பிரகாச வேறுபாட்டையே பார்க்கிறது. அதனால் அந்தச் சூரியன் நிலைகொள்ளாமல் துடிப்பதாகத் தோன்றுகிறது.

எண்ணெயைப் பற்றி அறியாமல் தூரிகையைத் தொடக் கூடாது. வண்ணத்தைக் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் காய்வதில் ஆவியாதல் நடப்பதில்லை. அதிலுள்ள லினோலெனிக் அமிலம் காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு வலையாகி இறுகுகின்றன. காயும்போது எண்ணெயின் எடை கூடுகிறது. தேங்காயெண்ணெயில் இந்த வகை அமிலங்கள் மிகக் குறைவு. எத்தனை நாள் வைத்தாலும் அது காயாது. நல்லெண்ணெய் அரைகுறையாகக் காயும்: கோயில் கல்விளக்குகளில் ஆண்டுக்கணக்கில் படிந்து இறுகிய பிசுக்கு அதன் சான்று. கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளில் விளையும் பேயெள்ளின் எண்ணெயும் இந்த அரைகுறை வகையே, ஓவியத்துக்கு ஆளிவிதை எண்ணெயின் இடத்தை அது பிடிக்காது.

இந்த வேதியியலிலிருந்து பட்டறை விதிகள் பிறக்கின்றன. கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேல்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேலே உள்ளது முதலில் இறுகி, கீழே இன்னும் அசையும் பூச்சின்மேல் வெடிக்கும். அம்பர் மண்நிறத்தில் மாங்கனீசு இருப்பதால் அது விரைவில் காய்கிறது. டைட்டானியம் வெள்ளை மெதுவாகக் காய்கிறது. வெப்பம் கூடினால் வினையின் வேகமும் கூடும். எனவே மலைக்குக் கீழே அரூர்ச் சமவெளியில் ஒரே நாளில் தொடத் தகுந்ததாகும் பூச்சு, மார்கழியில் சித்தேரியின் குளிரில் இன்னும் சில நாள் கேட்கும். ஒரு முக்கியமான எச்சரிக்கையும் உண்டு. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், ஆக்சிஜன் ஏற்கும் வினையில் பிறக்கும் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கி, தானாகவே தீப்பற்றலாம். அத்துணிகளைத் தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும், அல்லது விரித்துக் காயப்போட வேண்டும்.

ரெனுவாரின் தட்டில் இருந்த நிறங்களும் புதியவையே. கோபால்ட் நீலத்தை 1802இல் லூயி ழாக் தெனார் உருவாக்கினார். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த நீலக்கல்லைப் பொடித்துச் செய்த அல்ட்ராமரினுக்கு மாற்றாக, 1828இல் ழான் பப்திஸ்த் கிமே செயற்கை அல்ட்ராமரினைச் செய்து விலையைச் சரித்தார். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள், குத்தித் திறந்தால் கெட்டுவிடும். குழாய் வந்த பிறகுதான் ஓவியர் ஆற்றங்கரைக்கும் தோட்டத்துக்கும் போய், அங்கேயே தீட்டி முடிக்க முடிந்தது. குழாய் வண்ணம் இல்லையென்றால் இம்ப்ரஷனிசமே இல்லை என்று ரெனுவார் சொன்னதாக அவர் மகன், திரைப்பட இயக்குநர் ழான் ரெனுவார் நினைவுகூர்ந்திருக்கிறார்.

படியெடுப்பவர் இங்கே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பார்க்கும் நிறம் யாருடையது? சிகாகோ கலைக் கூடத்தில் உள்ள 'மாதாம் லெயோன் கிளாப்பிசோன்' 1883ஆம் ஆண்டுப் படம். அதன் பின்னணி குளிர்ந்த சாம்பல்நீலமாகத் தெரிந்தது. சட்டகத்தைக் கழற்றியபோது, ஒளி படாத விளிம்பில் செறிந்த சிவப்பு எஞ்சியிருந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் வான் டைன் குழு ராமன் சிதறலின் ஒரு நுட்ப வடிவத்தால் அதைக் கண்டறிந்தது. அந்தச் சிவப்பு, காக்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன். அது ஒளியில் வெளிறிப்போகும். வான் கோவின் 'படுக்கையறை'யில் சுவர்கள் இன்று நீலம். அவர் கடிதத்தில் எழுதியதோ வெளிர் ஊதா. சிவப்பு மறைந்துபோய் நீலம் மட்டும் நின்றிருக்கிறது. ரெனுவாரின் 'குடைகள்' படத்தில் இன்னொரு வகைப் பிணக்கு. வலப்பக்கம் 1881 வாக்கிலும் இடப்பக்கம் சில ஆண்டுகள் கழித்தும் தீட்டப்பட்டவை. முதலாவதில் கோபால்ட் நீலம், பின்னதில் செயற்கை அல்ட்ராமரின். கைபேசித் திரையில் இரண்டும் ஒரே நீலமாகத் தெரிந்துவிடும். திரை தானே ஒளிர்வது, கேன்வாஸ் விழும் ஒளியைத் திருப்புவது, இரண்டும் ஒன்றல்ல. அதோடு இரவில் எல்இடி விளக்கில் பொருத்திய நிறம் காலை வெயிலில் பொருந்தாமல் போகலாம். எனவே இந்தப் பணியைப் பகல் வெளிச்சத்தில், எப்போதும் ஒரே திசையிலிருந்து ஒளி வரும் ஜன்னலோரம் செய்வதே உகந்தது.

இனி, மரத்தடிக்குத் திரும்ப வேண்டிய நேரம். சித்தேரி 12 பாகை வடக்கு அட்சத்துக்கு அருகில் இருக்கிறது. ஆண்டில் இருமுறை, ஏப்ரல் பின்பாதியிலும் ஆகஸ்ட் பின்பாதியிலும், சூரியன் தலைக்கு நேராக வருகிறது. பாரிசில் கோடை உச்சத்தில்கூட நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 65 பாகையை எட்டாது. எனவே அங்கே வெளிச்சப் பொட்டு எந்நேரமும் சற்று நீண்டே விழும். சூரியன் 30 பாகைக்கு இறங்கும்போது அது குறுக்களவில் இரு மடங்கு நீளும். மோன்மார்த்ர் பிற்பகலின் நீண்ட பொட்டுகளைச் சித்தேரியின் ஏப்ரல் நண்பகலுக்குக் கொண்டுவந்தால் அந்தப் படம் பொய் சொல்லும். முகங்களும் மாறும். நேர் உச்சி வெயிலில் கண்குழியும் மூக்கின் கீழும் இருண்டு, நெற்றியும் கன்னமேடும் வெளுக்கும். மாணவர் வெயிலின் உயரத்தைக் கவனிக்கக் கற்றுக்கொள்வதும் படியெடுத்ததன் பயன்தான்.

தரையும் மாறுகிறது. தர்மபுரியின் செம்மண் தன்மேல் விழும் வெயிலைச் சிவந்த ஒளியாக மேலே திருப்புகிறது. சித்தேரியின் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் சாமை புடைக்கும் களத்தை எண்ணிக்கொள்ளலாம். முறத்தின் அடிப்பக்கம், குனிந்த தாடையின் கீழ்ப்பகுதி, முழங்கையின் உள்புறம் ஆகியவை பாரிசில் நீலம் கலந்த சாம்பலாக இருந்திருக்கும். இங்கே அவை வெம்மையான செம்பழுப்பு. வானத்திலிருந்து நீலம் மேலே பட, தரையிலிருந்து சிவப்பு கீழே பட, ஒரே முகத்தில் இரண்டு நிழல்கள்.

தோல்தான் இதில் வளமான பகுதி. தோலின் மேற்பரப்பில் படும் ஒளியில் ஒரு சிறு பங்கு, நான்கைந்து விழுக்காடு, உள்ளே புகாமல் அப்படியே திரும்பிவிடும். அதற்குத் தோலின் நிறம் தெரியாது. விழுந்த ஒளியின் நிறமே அதன் நிறம். மீதி ஒளி உள்ளே புகுந்து, மெலனினைக் கடந்து, திரும்பி வருகிறது. மெலனின் நீல ஒளியை அதிகம் விழுங்குவதால் திரும்பி வருவது சிவந்த, பொன்னிறமான ஒளி. வெளிறிய தோலில் உள்ளிருந்து வரும் ஒளி மிகுதி என்பதால் மேற்பரப்புப் பளபளப்பு அதில் மூழ்கிவிடும். கருந்தோலில் உள்ளிருந்து வருவது குறைவு என்பதால், வியர்வையும் எண்ணெய்ப் பசையும் மிளிரும் நெற்றியில் வானத்தின் நீலம் அழுத்தமாகத் தெரிகிறது. ரெனுவாரின் பெண்ணுடலில் இளஞ்சிவப்பு வெளிச்சமும் நீல நிழலும் இருக்கின்றன என்றால், சித்தேரிப் பெண்ணின் தோளில் பல வேளைகளில் அது தலைகீழாகிறது: மேலே பளபளப்பில் நீலம், கீழே நிழலில் செம்மை. ரெனுவாரின் இளஞ்சிவப்பைக் கருந்தோலுக்குக் கொஞ்சம் பழுப்பு கலந்து மாற்றிக்கொள்வது தீர்வாகாது. ஒளி எங்கிருந்து வருகிறது, எதில் பட்டுத் திரும்புகிறது என்ற கணக்கை மறுபடி போட வேண்டும். கும்பகோணம் அருகே பிறந்து, கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகளில் பயின்று, 2021இல் கொரோனாவுக்குப் பலியான ஓவியர் எஸ். இளையராஜாவின் படங்கள் தமிழ்நாட்டில் இவ்வளவு பேரைத் தொட்டதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். வாசல் வழியும் ஜன்னல் வழியும் வரும் ஒளி கருந்தோலில் எப்படி வாழ்கிறது என்பதை அவர் உண்மையாகப் பார்த்தார். பாணியால் அவர் இம்ப்ரஷனிஸ்ட் அல்லர், நுண்விவரம் பிசகாத யதார்த்தவாதி. ஆனாலும் தோலின் ஒளியைப் படிக்க விரும்புபவர் ரெனுவாருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவர் அவர்தான் என்பது இக்கட்டுரையின் உறுதியான கருத்து.

களத்துக்கு நேரில் போய் வரைவது தனிச் சவால். பூமியின் சுழற்சியால் சூரியன் தன் குறுக்களவு தூரத்தை ஏறத்தாழ இரண்டே நிமிடத்தில் கடக்கிறது. ஆகவே தோளில் விழுந்த ஐந்து சென்டிமீட்டர்ப் பொட்டு இரண்டு நிமிடத்தில் தன் அகலம் முழுக்க நகர்ந்துவிடும். துரத்திப் பிடிக்க முடியாது. முதல் ஐந்து நிமிடத்தில் பொட்டுகளின் இடத்தைக் கோட்டால் குறித்துவிட்டு, பிறகு அவை எங்கே போனாலும் பொருட்படுத்தாமல் நிறத்தை மட்டும் பார்க்க வேண்டும். எந்தப் பொட்டு வடிவத்தைக் காட்டுகிறது, எது குழப்புகிறது என்று தேர்ந்தெடுக்கும் திறமை திடீரென வராது. ரெனுவார் எங்கே பொட்டு வைத்தார், எங்கே வைக்காமல் விட்டார் என்று ஒரு படத்தையாவது கையால் தொடர்ந்து போனவரிடம் அது கொஞ்சம் சேர்ந்திருக்கும். மோன்மார்த்ர் படத்தில் முன்வரிசை முகங்களில் பொட்டுகள் குறைவு. தொப்பிகளிலும் முதுகுகளிலும் தரையிலும் அதிகம். முகத்தின் வடிவம் சிதையாமல் இருக்க அவர் வெளிச்சத்தைத் தள்ளி வைத்திருக்கிறார். இயற்கை அப்படிச் சலுகை காட்டியிருக்க வாய்ப்பில்லை.

முடித்த படியை என்ன செய்வது? மெல்லிய பூச்சென்றால் ஆறு மாதம், தடித்த பூச்சென்றால் ஓர் ஆண்டு வரை காத்திருந்து வார்னிஷ் பூசலாம். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஆக்சிஜன் இன்னும் சேர்ந்துகொண்டிருக்கும். ரெனுவார் 1919இல் இறந்தவர். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின் படைப்பு பொதுவுடைமை. எனவே அவர் படங்களைப் படியெடுப்பதில் சட்டத் தடை இல்லை. சிகாகோ கலைக் கூடம் தன்னிடமுள்ள பொதுவுடைமைப் படங்களைப் பெரிய அளவில், கட்டணமின்றி 2018 முதல் வழங்குகிறது. லூவர் தன் கூடங்களில் படியெடுப்பவர்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறது: படி அசலைவிட ஐந்தில் ஒரு பங்காவது சிறியதாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும். வீட்டில் வரைபவரும் அதைப் பின்பற்றுவது நல்லது. கேன்வாஸின் பின்புறத்தில் அசலின் பெயர், ஓவியர், ஆண்டு, அது இருக்கும் அருங்காட்சியகம், அதற்குக் கீழே படியெடுத்தவரின் பெயரும் தேதியும், பயன்படுத்திய நிறமிகளின் பட்டியலும் எழுதப்பட வேண்டும். முன்பக்கத்தில் ரெனுவாரின் கையெழுத்தை மட்டும் படியெடுக்கக் கூடாது.